கடல் கேட்கும் கோயில்

என் மனைவி மன்னார்க்காரி. எண்பத்தைந்தாம் ஆண்டாக இருக்கவேண்டும், அவளுடைய தம்பி வள்ளத்தில் ராமேசுவரத்துக்குப் புறப்பட்டான். அவன் கரை சேர்ந்தால் கடல் இரைச்சல் கேட்கிற கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். சேர்ந்துவிட்டான். இரண்டு வள்ளங்கள் ஒன்றாகப் புறப்பட்டனவாம். அவன் ஏறியது வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவளுக்கு நேர்த்தி தீரவேண்டும். நாங்கள் இருந்த டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வைலே நகரில் கத்தோலிக்கக் கோயிலும் இருக்கிறது, கடலும் இருக்கிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு, இரைச்சலே இல்லை, இது குளம் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே ஒரு சனிக்கிழமை பழைய காரில் வடக்கே போனோம். மண்மேடுகள் இடிந்து கடலில் விழுகிற கரை அது. வெயில் அடித்தது, கண்ணாடியை இறக்கினேன். மழை வந்தது, ஏற்றினேன். பிறகு ஆலங்கட்டி. பிறகு ஒன்றுமே நடக்காதது போல வெயில். மழை துடைக்கும் தடிகளில் ஒன்று வேலை செய்யவில்லை; அதுவும் என் பக்கத்தது. முதல் கோயில் பூட்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. திரும்புவோமா என்று எரிச்சலோடு கேட்டேன். மடியிலிருந்த மெழுகுதிரியைக் கைலேஞ்சித் துணியால் இன்னொருமுறை சுற்றினாள்.

மூன்றாவது கோயில் கடல் விளிம்பில் வெள்ளையாக நின்றது. திறந்திருந்தது. உள்ளே மாதா இல்லை, அந்தோனியார் இல்லை, வாசலில் தீர்த்தத் தொட்டிகூட இல்லை. இந்த நாட்டுக் கிராமத்துக் கோயில்கள் புரட்டஸ்தாந்துக் கோயில்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது அவள் மேலே பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு சின்னப் பாய்க்கப்பல் தொங்கியது. பித்தளை விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் தொழிற்சாலையில் பழகிய என் டேனிஷில் விசாரித்தேன். ஊர் மீனவர்கள் செய்து கொடுத்ததாம். நேர்த்திதான் என்று மனைவிக்குச் சொன்னேன்.

"கரைக்கு வந்தவையளுக்கோ, வராதவையளுக்கோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். எல்லாருக்கும் ஒரே கப்பல்தான் என்றார் அந்தப் பெண்மணி. மெழுகுதிரி கொளுத்தலாமா என்றதும், வெளியே போய் ஒரு பூச்சாடியில் மணல் அள்ளிவந்து பீடத்தடியில் வைத்தார்.

மனைவி மெழுகுதிரியை முழங்காலில் வைத்து முறித்தாள். திரியைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டு துண்டுகளையும் மணலில் நட்டாள். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"மற்ற வள்ளம் இன்னும் வரேல்லை."

அந்த வள்ளத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கொளுத்தியதும் காற்றுப் புகுந்து சுடர்களைச் சாய்த்தது. கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதேங்கோ. கடல் கேக்கவேணும்."

வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன். முதுகில் மறுபடி ஆலங்கட்டி விழுந்தது. இரண்டும் எரிந்து முடியும்வரை நான் நகரவில்லை.