ரொட்டியா, துளியா

அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மனிதர் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அவர் முடிவை மாற்றுவதைவிட ஆளையே மாற்றுவது சுலபம் என்று என் அக்கா சொல்வாள். அவளே சொல்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் முடிவெடுத்திருந்தது ஒரு வளைவைப் பற்றி. அந்த வளைவை வெட்ட வேண்டிய மெஷின் என் கையில் இருந்தது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன டிரெய்லர் ஒன்று. உள்ளே இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். போகிற இடத்தில் நிறுத்திவிட்டு அங்கேயே தங்கலாம். கடையில் வாங்கமாட்டார், சொந்தக் கையால்தான் செய்வார். சட்டமும் சக்கரமும் பட்டறையிலிருந்து வந்து ஷெட் நடுவில் நின்றுவிட்டன. மேலே உட்கார வேண்டிய கூடு என்ன வடிவம் என்பதில்தான் மாதக்கணக்காக இழுபறி.

அத்தானுக்கு நீர்த்துளி வடிவம் வேண்டும். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கி, மொத்தமே இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே. காற்று தடுக்காது, எங்கள் கிழட்டுக் கார் மேட்டில் திணறாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அக்காவுக்கு ரொட்டி வடிவம் வேண்டும். நேர்ச் சுவர், தலைக்கு மேலே லேசான வளைவு, உள்ளே நிமிர்ந்து உட்காரலாம்.

"ஆயுசு பூரா ரொட்டியப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. இப்ப அதுக்குள்ளயே போய்ப் படுக்கணுமா?" என்பார் அத்தான்.

"அந்தத் துளிக்குள்ள என்னைப் பெட்டிப் பாம்பா அடைக்கப் போறீங்களா?" என்பாள் அக்கா.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அக்காவால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தமாதிரி மூச்சு அடைக்கும். தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். இது எனக்கும் அவளுடைய டாக்டருக்கும் தெரியும். கட்டிய புருஷனுக்குத் தெரியாது.

கூடவே குடும்பம் நடத்துகிறவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். அத்தான் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து ஓய்வு பெறுகிறவரை ராத்திரி வேலை, லீவே போடமாட்டார். ஊர் படுக்கப் போகும்போது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஊர் எழுந்திருக்கும்போது தலைமயிரெல்லாம் மாவோடு வந்து சேர்ந்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டுப் படுப்பார். அவர் தூங்குகிற பகல் பூராவும் அக்கா வீட்டில் பூனை நடை நடப்பாள். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கியே போட்டிருந்தாள். தெருவில் எவனாவது ஹாரன் அடித்தால் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடிக் கையை ஆட்டுவாள். அவர்கள் மகள் சின்ன வயதில் குசுகுசுவென்றேதான் பேசுவாள். குழந்தைக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று பள்ளிக்கூடத்தில் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ராத்திரியில் தூக்கம் சரியாக வரவில்லை. எழுவதும் நடப்பதுமாக இருந்தார். இதுதான் சாக்கு என்று அக்கா அவர் படுக்கையை முன்னறைக்கு மாற்றிவிட்டாள். "நீங்க நடக்கற நடைக்கு வீடே ஆடுது" என்று சொல்லிவிட்டாள். அவரும் நம்பிவிட்டார்.

டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, மாத்திரையை விடாமல் போடுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள், வெளியூர் போகலாம் தப்பில்லை என்றார். வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட மூச்சு விட்ட, அப்புறம் எனக்குத் தம்பியே இல்ல." மூச்சு விட முடியாதவள் என்னைப் பார்த்து மூச்சு விடாதே என்கிறாள்!

அவள் பயத்துக்கும் காரணம் இருந்தது. ஷெட்டின் கூரைக் கம்பியில் ஒரு சின்ன சைக்கிள் தொங்கும். மகள் எட்டு வயதில் அதிலிருந்து விழுந்து மோவாயைச் சிராய்த்துக்கொண்டாள். மறுநாள் காலை வேலையிலிருந்து வந்த அத்தான், தூங்கக்கூடப் போகாமல் சைக்கிளைத் தூக்கி அங்கே மாட்டினார். பிறகு இறக்கவே இல்லை. இன்று அவள் பிள்ளைக்கே அந்த வயது ஆகிவிட்டது. நெஞ்சு விஷயம் தெரிந்தால் இந்த டிரெய்லரும் அதே கதிதான், மனிதர் சட்டத்தையும் சக்கரத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் குடியிருப்பார் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஒரே ஒரு தடவை அவரும் நானும் ஒண்ணாத் தூங்கி ஒண்ணா முழிக்கணும்டா" என்று என்னிடம் சொன்னாள். "விடியறப்ப அவர் வீட்டுக்குள்ள வரதத்தான் இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன். பக்கத்துல கிடந்து பாத்ததில்ல." அதைக் கேட்டபிறகு நான் எப்படி வாயைத் திறப்பது?

ஆக, அன்று காலை ஷெட்டில் நிலைமை இது. இரண்டு பிளைவுட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தோம். இரண்டு பக்கச் சுவரும் ஒரே அச்சாக வர வேண்டும் என்றால் சேர்த்து வைத்துத்தான் வெட்ட வேண்டும். மேலே அத்தான் வரைந்த துளி. சமையலறை அலமாரி செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவன் நான். வெட்டிய பலகை திரும்ப ஒட்டாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அத்தான், ரொட்டியே போட்டுடலாமே. அக்கா ஆசைப்படுது" என்றேன்.

"வளைவு வெட்ட வராதுன்னு சொல்லு மச்சான், ஒத்துக்கறேன்" என்று சிரித்தார்.

சட்டத்தின் மேல் மெத்தை போட்டு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, முழு அளவில் துளியை அட்டையிலேயே செய்து வைத்திருந்தார். பக்கத்தில் கதவு மாதிரி ஒரு மடிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு கவனமாகச் செய்கிறவருக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியவில்லையே!

"வாம்மா, வந்து படு. அளவு பாத்துட்டு வெட்டிடலாம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்ற பார்வை. "மூட்டையக் கட்டற மாதிரி கட்டிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போனாள். மல்லாந்து படுத்தாள். அத்தான் அட்டைக் கதவைச் சாத்தினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அளவு டேப்பைச் சந்து வழியாக உள்ளே விட்டார். "மூக்குக்கு மேல ஒரு முழத்துக்குக் குறையாம இருக்கு! இதுக்கு மேல என்ன வேணும்? மேல சின்னதா ஒரு காத்து சன்னல் வெப்போம். பாத்தா நட்சத்திரம் தெரியும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." குரல் சின்னதாக இருந்தது.

"கால் பக்கம் அடுப்பு வெச்சுக்கலாம். பின்னாடி மூடியத் தூக்கினா அதுதான் சமையலறை. சரியா?"

"ம்."

அவர் பேசிக்கொண்டே போனார். கதவுக்கு என்ன கொண்டி, கொசுவலை எந்தப் பக்கம். உள்ளேயிருந்து பதில் இல்லை. என் காது முழுக்க அந்த அட்டைக்குள்தான் இருந்தது. மெத்தை கிறீச்சிட்டது. மறுபடி அமைதி. எழுந்து வா அக்கா, போதும் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, சத்தமே இல்ல" என்றார் அத்தான். "வசதியா இருந்தா உங்க அக்கா பேச மாட்டா. வெட்டு."

மெஷினை எடுத்தேன். கோட்டின் ஓரத்தில் அலகை வைத்தேன். சொல்லிவிடலாமா? சொன்னால் அக்காவின் பயணம் போச்சு. சொல்லாமல் வெட்டினால் அவளுக்கு ஒரு பெட்டியை நானே செய்து கொடுத்தவன் ஆவேன். மெஷினைக் கீழே வைத்துவிட்டேன்.

"அத்தான், அக்காவால..."

டமாரென்று அட்டைக் கூரை கிழிந்தது. அக்காவின் தலை வெளியே வந்தது. கொண்டை அவிழ்ந்து, மூக்கில் அட்டைத் தூசியோடு, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள்.

அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். "முட்டைக்குள்ளேருந்து கோழிக்குஞ்சு!" என்றார். பிறகு அவள் உதட்டைப் பார்த்தார். அதில் நிறமே இல்லை. அவள் இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. அட்டையை இரண்டு கையாலும் கிழித்து எறிந்துவிட்டு அவள் முதுகைத் தாங்கினார்.

மூச்சு திரும்ப வெகு நேரம் ஆனமாதிரி இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"தூசிங்க. அட்டைத் தூசி."

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். தலையாட்டினேன். அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவள் முதுகிலிருந்து கையை எடுக்காமலே, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். டாக்டர், மாத்திரை, தலையணை, எல்லாம் சொன்னேன்.

"போகலாம்னு டாக்டரே சொல்லிட்டார்ங்க" என்றாள் அக்கா. "என்னை அதுமாதிரி மாட்டிடாதீங்க." கை மேலே காட்டியது.

அத்தான் நிமிர்ந்து சைக்கிளைப் பார்த்தார். டயர் இரண்டும் காற்றில்லாமல் சப்பிப் போயிருந்தன. அவர் முகம் அழப்போகிற மாதிரி ஆகி, மறுபடி இறுகியது. நேராகப் பலகையிடம் போனார். கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வீட்டுக்குள் போய்விட்டார்.

"முடிஞ்சுது" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது அவர் கை நிறையத் தலையணை. அவள் அறையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மெத்தையின் முன்பக்கம் பலகை ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் அவற்றை அடுக்கினார்.

"இப்படியா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் திற. இப்படித்தான் தூங்கறியா?"

"இடுப்புக்கு இன்னும் ஒண்ணு வேணும்."

தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி இடுப்புக்கு வைத்தார். அவள் சாய்ந்துகொண்டாள். அவள் பக்கத்தில் அந்தப் பிளைவுட் பலகையை நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். காதிலிருந்து பென்சிலை எடுத்து, அவள் தலைக்கு மேலே தாராளமாக ஒரு சாண் விட்டுப் புள்ளி வைத்தார். அங்கிருந்து நெற்றிப் பக்கமாக இறக்கி, முழங்கால் தாண்டி, பாதம் வரைக்கும் ஒரே இழுப்பில் கோடு இழுத்தார். முன்னால் உயரம், பின்னால் சரிவு. ரொட்டியும் இல்லை, துளியும் இல்லை. நான் செய்த எந்த அலமாரியிலும் அப்படி ஒரு கோடு போட்டதில்லை.

"காத்து தடுக்குமே அத்தான். கார் இழுக்குமா?"

"மெதுவா இழுக்கட்டும். நமக்கென்ன அவசரம்?" என்றார். பிறகு அவளிடம், "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நானும் வருவேன். என் காதால கேக்கணும்" என்றார்.

"கேளுங்க" என்றாள் அக்கா. கண் செருகியது. அந்தப் போராட்டத்தில் களைத்துப் போயிருந்தாள்.

அத்தான் கோட்டைச் சரிபார்க்கக் குனிந்தார். நான் மெஷினைத் தேடினேன். நிமிர்ந்தபோது அவர் கோட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டு அக்கா தூங்கிவிட்டாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெஷின் சுவிட்சை அமுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் எவனோ பார்சல்காரன் ஹாரனை அமுக்கினான். அத்தான் செருப்புக்கூடப் போடாமல், கையை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.