மூடியைத் திறக்காத நான்கு மணி நேரம்

மூடி வைத்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டு என்னால் ஏன் இருக்க முடிவதில்லை?

அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரி ஆய்வகத்துக்குப் போகிறேன். சூரிய மின்கலத்துக்கான கரிமப் பொருள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான் தயாரிக்கும் மூலக்கூறுகள் கரைசலில் கலைந்து கிடக்கும். கண்ணாடித் துண்டில் ஊற்றிய கரைசல் உலர உலர, அவை தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ள வேண்டும். அடுக்கு ஒழுங்காக இருந்தால்தான் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். எனக்கோ மாதக்கணக்கில் திட்டுத்திட்டாகவே காய்ந்தது.

ஒரு மதியம், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அப்போதுதான் கரைசலை ஊற்றியிருந்தேன். தூசி விழக் கூடாதே என்று பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியை அதன்மேல் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் படலம் ஒரே சீராக மினுங்கியது. அதுவரை வராத அளவு மின்னோட்டம். நெறியாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அதே தப்ப வேணும்னே பண்ணுங்கம்மா. மூணு தடவை வரட்டும். அடுத்த மாசக் கூட்டத்துக்குள்ள வரலைன்னா வேற மூலக்கூறுக்குப் போயிருவோம்."

அதே மூடி, அதே கரைசல். நான்கு முறை செய்தேன், நான்கும் திட்டுத்திட்டாகவே காய்ந்தன.

வீட்டில் மாமியார் கேட்டார். "டப்பா மூடி எங்க?"

"லேப்ல இருக்கு அத்தை. இனிமே அதுல சாப்பாடு வைக்கக் கூடாது."

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாத்திரமெல்லாம் போயிரும் போல."

ஐந்தாவது முறை, பக்கத்து மேசை ஆய்வு மாணவி சிரித்தாள். "அக்கா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க தெறந்து பாத்தா ஆவி எங்கிட்டு நிக்கும்? சோத்துப் பானைன்னு நெனச்சீங்களா?"

உள்ளே தேங்கும் ஆவிதான் உலர்வதை மெதுவாக்கி, மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள நேரம் தருகிறது. இது எனக்குத் தெரியாததல்ல. சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நானே கலைத்திருக்கிறேன். தூங்கும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தே எழுப்பிவிடுகிறவள்தானே நான்.

அடுத்த முறை மூடியின்மேல் 'தொடாதே' என்று எனக்கே எழுதி ஒட்டிவிட்டு, அது உலரும் நான்கு மணி நேரமும் வெளியே போய் உட்கார்ந்தேன். படலம் நன்றாக வந்தது. இன்னும் இரண்டு வர வேண்டும். வியாழக்கிழமை மறுபடி ஊற்றப்போகிறேன்; விடுவதாக இல்லை.

ஆனால் அந்த நான்கு மணி நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது? தொட்டுப் பார்க்காமல் இருக்கப் பழகியவர்கள், எப்படிப் பழகினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.