தெருவிளக்கின் கீழ் வைத்த சாமந்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். ஐந்தாவது வரை படித்தவன் நான். கடுதாசிக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதுகூடப் பெரிய காரணமில்லை. எழுதியே ஆகவேண்டியிருந்த ஒரே ஒரு கடுதாசியை எழுதாமல் விட்டவன், இப்போது உட்கார்ந்து ஊருக்கு என்ன எழுதுவது என்கிற வெட்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் இந்தச் சங்கதியை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். பெருமாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் நாராயணவனத்துக்குப் பக்கம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கோயில் மணி கேட்கும். எனக்கு இரண்டு ஏக்கர் வேர்க்கடலை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. என் மனைவி திருத்தணிப் பக்கம், பூந்தோட்டக்காரர் வீட்டுப் பெண்.

புரட்டாசி வந்தால் நான் திருமலைக்கு நடந்து போய் முடி கொடுத்துவிட்டு வருவேன். கல்யாணமாகி இரண்டாவது புரட்டாசியில் அவளுக்கு ஆறு மாதம். நான் கிளம்புகிற அன்று அவளுக்குக் காய்ச்சல். "இந்த தபா வேணாம்யா, கூட இரு" என்றாள். "பெருமாள் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.

உள்ளே போய்ப் பிரசாதத்தை நீட்டினேன். என் மனைவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரோரம் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போடுவாள், துன்னுவேன். ஆனியில் ஒரு நாள் அவளாகவே கிணற்றடியில், மாட்டுக்கொட்டகை மறைவில், தாய்வீட்டிலிருந்து வந்த சாமந்திக் கன்றுகளை நட்டாள். மிச்சமான நாலைந்தை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தாள். அவள் கை மண்ணில் படுவதைப் பார்த்து, சரி, மனசு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக்கு அவள் தம்பி வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போனான். ஆடி முடிந்தால் புருஷன் போய் அழைத்து வரவேண்டும், அதுதானே வழக்கம். ஆவணி பிறந்தது. நான் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம். இன்றைக்குப் போகலாம், அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த ஆவணியில்தான் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது. கம்பம் நட வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, என் வாசலுக்கு எதிரிலேயே நடும்படி கேட்டுக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் பல்பு எரிந்ததும் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. விளக்கு வைத்தால் கும்பிடுகிற பழக்கம். கம்பத்தில் எரிந்தாலும் விளக்கு விளக்குதானே. எனக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு லட்சுமிகரமான வெளிச்சம் வாசலில் இருக்கும்போது, அவள் வைத்த செடி மட்டும் கொட்டகை மறைவில் இருட்டில் கிடப்பானேன்? மறுநாளே சாமந்திகளை மண்கட்டியோடு பெயர்த்து, கம்பத்தடியில் பாத்தி கட்டி வைத்தேன்.

வைத்துவிட்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். "சாமி, கார்த்திகை தீபத்துக்குள் இந்தச் செடியில் ஒரு பூ பூத்தால் உனக்குச் சம்மதம் என்று போய் அவளை அழைத்து வருகிறேன். பூக்காவிட்டால், எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்." சந்நிதியில் பூ வைத்து உத்தரவு கேட்பார்களே, அதுபோல என்று நினைத்தேன்.

செடிகளா, அப்படி ஒரு வளர்த்தி! இடுப்பு உயரம் வந்தது. இலை கருகருவென்று. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்தது, விட்டது. கொழுந்து மேல் கொழுந்தாக விட்டதே தவிர ஒரு மொட்டு இல்லை. தினம் காலையில் குனிந்து ஒவ்வொரு நுனியாக விலக்கிப் பார்ப்பேன்.

கார்த்திகையில் எதிர்வீட்டு அக்கா ஒரு முறம் நிறைய மஞ்சள் சாமந்தியோடு வந்தாள். அவளுடைய செடி அவள் வீட்டுப் பின்னால் சாணக்குழி ஓரம் இருந்தது.

"இன்னா தம்பி, உன் செடி ஆம்பளச் செடியா? இப்டி வளந்துகினு நிக்குது, ஒரு பூவக் காணோமே!"

"உன்னுது எப்படிக்கா பூத்துச்சு?"

"நா இன்னாத்த கண்டேன்? உன் பொண்டாட்டி குடுத்தா, நட்டேன், பூத்துச்சு. தண்ணிகூட சரியா ஊத்தல."

ஒரே கன்று, ஒரே மழை. நேம நிஷ்டை எதுவும் இல்லாத அவளுக்குப் பூக்கிறது. தினம் குளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிய எனக்கு இல்லை. இதைவிடத் தெளிவாகப் பெருமாள் என்ன சொல்லவேண்டும்? நான் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லை பிரித்தது. எங்கள் ஊர் ஆந்திராவோடு இருந்தது. அவள் ஊர் மெட்ராஸோடு போயிற்று. அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "பொண்டாட்டி மெட்ராஸ் ஸ்டேட்டு, புருசன் ஆந்திரா ஸ்டேட்டு. உங்க ஊட்டு எல்லைய எந்த ஆபீசரு வந்து அளந்தாருபா?" என்பாள். நானும் சிரிப்பேன். பிறகு உள்ளே போய் ஒருவனுக்கு மட்டும் அரிசி களைவேன். பஸ் ஏறினால் அரை நாள் பயணம்தான் அவள் ஊர்.

செடியைப் பிடுங்க மனசு வரவில்லை. அவள் நட்டது. வருஷா வருஷம் பக்கக் கன்று பிரித்து அதே இடத்தில் வைப்பேன். நாலு வருஷம் அப்படியே போயிற்று. தை பிறந்து எல்லார் வீட்டுச் சாமந்தியும் காய்ந்த பிறகு, ஏதாவது ஒரு கிளையில் ஊனமாக ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். கெடு தாண்டி வந்த பூவை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு சாட்சி.

ஐந்தாவது வருஷம் புரட்டாசிக் காற்றில் அந்தப் பல்பு போய்விட்டது. புத்தூர் கரண்டு ஆபீசில் போய்ச் சொன்னேன். "ஸ்டாக்கு லேதப்பா, வஸ்தே வேஸ்தாம்" என்றார்கள். சரக்கு இல்லையாம், வந்தால் போடுகிறார்களாம். ஐப்பசி முடிந்தும் வரவில்லை. எங்கள் வாசல் பழையபடி இருட்டாயிற்று.

கார்த்திகை பிறந்த வாரம், காலையில் தண்ணீர் ஊற்றப் போனவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். நுனிக்கு நுனி மொட்டு. தீபத்துக்கு முந்தின நாள் செடி முழுக்க மஞ்சள். இலை தெரியவில்லை. நான் அழுததைப் பார்த்து அக்காவும் அழுதாள். பெருமாள் மன்னித்துவிட்டார் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். ஒரு கூடை பறித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் நகரி வழியாகப் போனேன்.

அவள் தோட்டத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தலையில் ஒரு பூ இல்லை. கூடையை எதிரில் வைத்துவிட்டு, நடந்தது அத்தனையும் சொன்னேன். வேண்டிக்கொண்டது, பூக்காமல் போனது, இந்த வருஷம் பூத்தது, எல்லாம். நாரைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"செடிய எங்க வெச்சிருந்த?"

"வாசல்ல. கரண்டு வெளக்காண்ட."

"நா கெணத்தாண்டதானே வெச்சேன்? உன்ன யாரு எடுக்கச் சொன்னது?" கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "சாமந்திக்கு ராவு நீளமா, இருட்டா இருந்தாத்தான்யா மொட்டு கட்டும். பொழுது கொறையறதுக்குத்தான் அது காத்துகினு இருக்கும். ராவெல்லாம் வெளக்கு எரிஞ்சா அதுக்கு இன்னா தெரியும்? இன்னும் பகல்னு நெனச்சி எல விட்டுகினே கெடக்கும். எங்க நைனா ரயில் டேசன் வெளக்காண்ட ஒரு பாத்தி போட்டு, பூவே எடுக்கல. சின்னப் புள்ளயில இருந்து எனக்குத் தெரியும்."

நான் கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஒரு கடுதாசி போட்டு, ஏன்டி பூக்கலன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். பிறகு குரல் தணிந்து, "அஞ்சு வருசமா நீ பூவக் கேட்டுகினு இருந்திருக்கிற. எனக்குக் காச்சல் அடிச்ச அன்னிக்கும் சாமியத்தான் கேட்ட. என்ன எப்பக் கேப்ப?"

"இப்பக் கேக்கறேன். வந்துடு" என்றேன்.

அவள் நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய் இலை போட்டாள். "துன்னுட்டுப் போ. கடசி பஸ் போயிடும்" என்றாள். கூடையிலிருந்த பூவை வீட்டுச் சாமி படத்துக்குச் சார்த்தினாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. பிறகும் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் இலை போட்டாள். கடைசி வரை வரவில்லை. அந்தத் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

பல்பு மறுபடி வந்து எரிகிறது. செடி பூத்ததற்கு அடுத்த வருஷமே அவள் சொன்னதைப் பார்க்கவேண்டும் என்று, பொழுது சாய்ந்ததும் பாதிச் செடிகள்மேல் பெரிய கூடைகளைக் கவிழ்த்துக் கோணி போர்த்தினேன், விடிந்ததும் எடுத்தேன். மூடினவை பூத்தன. மூடாதவை வெறும் இலையோடு நின்றன. அவள் சொன்னபடியே. இன்றுவரை ஆவணி முதல் கார்த்திகை வரை சாயங்காலத்தில் அதுதான் எனக்கு வேலை. விளக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கூடையைக் கவிழ்ப்பேன். அந்த நேரத்தில் அவளுடன் ஏதோ பேசுகிறேன் என்று அக்கா பேரன்கள் சிரிக்கிறார்கள். பேசுகிறேன்தான்.

ஊரில் சொல்லும் கதையில் பெருமாள் கோபித்தார், பிறகு இரங்கிப் பூக்க வைத்தார், பெண்டாட்டி திரும்பி வந்தாள் என்று இருக்கிறது. அப்படி இல்லை. பெருமாள் செடிக்குப் பகலையும் இருட்டையும் சரியாகத்தான் வைத்திருந்தார். குறுக்கே விளக்கை வைத்தவன் நான். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால் இதே மாதிரி சொல்லுங்கள். கேட்கிறவர்கள் மனசுக்கு நன்றாக இருக்குமே என்று அவளை வரவழைத்துவிடாதீர்கள். அவள் வரவில்லை.