ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

என் அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவளோடு ஒரே அறையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

தெருவில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். தையல்காரி என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வந்தவளிடம், "போன தடவையவிட ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கே, வீட்டுல எல்லாரையும் பட்டினி போட்டுட்டு நீயே சாப்பிடுறியா?" என்று கேட்பாள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. அவள் தைத்த தையல் விட்டுப்போனதாக ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. லாரி ஓட்டும் அப்பா மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். வந்தால் சாப்பிடத்தான் வாயைத் திறப்பார். மிச்ச நேரத்துக்கெல்லாம் சேர்த்து அம்மா பேசிவிடுவாள்.

நாங்கள் இருந்தது ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே. முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவில் ஒரு திரை. இரண்டு மெஷின், துணி வெட்டும் மேஜை, சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் காகித அளவுகள். யாராவது மாடி ஏறினால் எங்கள் தலைக்கு மேலே தட்தட்டென்று சத்தம் கேட்கும். பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. மெஷினில் கொடுப்பதற்கு முன் துணி நகராமல் இருக்கக் கையால் நூலோட்டி வைக்க வேண்டும். தைத்து முடித்ததும் அந்த நூலை உருவிவிட வேண்டும். ஏழு வயதிலிருந்து அது என் வேலை.

அதற்கென்று அம்மா ஒரு முடிச்சு வைத்திருந்தாள். பார்த்தால் கெட்டியாக இருக்கும், உதறினாலும் விடாது. ஆனால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சட்டென்று அவிழ்ந்து நூல் முழுசாகக் கையில் வந்துவிடும். "கத்தரி படக்கூடாது. ஒரே இழுப்புல வரணும்" என்பாள். வராவிட்டால் மர ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைப்பாள். பத்து வயதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் அந்த முடிச்சுதான் போடுவேன். எனக்கு வேறு முடிச்சே தெரியாது.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று கடையில் துணி கொடுக்க வந்த மூன்று பேர் இருந்தார்கள். மற்ற பாடமெல்லாம் தொண்ணூறுக்கு மேல். இயற்பியலில் நாற்பத்தொன்று. எனக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும். அதற்கு இயற்பியலில் எண்பதாவது வேண்டும். விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் எழுதினேம்மா. மூணு அடிஷனல் பேப்பர் வாங்கி எழுதினேன். இது தப்பு. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம்."

"நகலா? ஃபோனை நோண்டிட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்பத்தொண்ணே ஜாஸ்தி." வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, வாயைத் திறந்தா பொய். பொய்க்காரியைப் பெத்து வச்சிருக்கேன்."

வந்திருந்த மூவரில் ஒருத்தி எதிர்வீட்டுக்காரி. அவள் காதில் விழுந்தால் போதும், தெரு முழுக்க ஒலிபெருக்கி வைத்த மாதிரி. அடுத்த நாள் பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் என்னைப் பார்த்து, "இனிமே ஃபோனைத் தொடாதே பாப்பா" என்று புத்தி சொன்னார்.

நகல் கேட்கும் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தார். பத்து நாள் அம்மாவிடம் கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்தேன், தட்டைத் தள்ளிவிட்டேன். படிவம் பட்டன் டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது. "கையெழுத்துப் போட்டு ஊர் சிரிக்கணுமா? பட்டனுக்குக் காஜா எடுக்கக் கத்துக்கோ, சோத்துக்காவது ஆகும்" என்றாள். அந்தப் பத்து நாளும் நான் அவளை எப்படியெல்லாம் கரித்துக் கொட்டினேன் என்பதை எழுத முடியாது.

பதினோராம் நாள் எங்கள் பள்ளி டிராயிங் வாத்தியார் தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க வந்தார். அம்மா அவரிடமும் என் புராணத்தை ஆரம்பித்தாள். அவர் இடையில் மறித்தார்.

"இருங்கம்மா. இயற்பியல் பரீட்சை அன்னிக்கு அந்த ஹால்ல நான்தானே மேற்பார்வை? மூணு தடவை எழுந்து பேப்பர் கேட்டா. தாளைக் கோத்துக் கட்டுறதுக்கு நூல்கூட நான்தான் கொடுத்தேன். நாற்பத்தொண்ணா? சான்ஸே இல்ல."

அம்மா மெஷினை நிறுத்தினாள். பட்டன் டப்பாவைத் தூக்கிப் படிவத்தை எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், செருப்பை மாட்டினாள். "என்னடி பாத்துட்டு நிக்கிறே? கிளம்பு!" பத்து நாள் நான் தொண்டை கிழியச் சொன்னதை நம்பாதவள், பேன்ட் வாங்க வந்த ஆள் சொன்னதும் நம்பிவிட்டாள். பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

தேர்வு அலுவலகத்தில் நாலாம் ஜன்னலில் ஒரு கண்ணாடிக்காரர். நாலு நாள் அலையவிட்டு நகலைக் கொடுத்தார். பதினாறு பக்கம். கடைசிப் பக்கத்தில் என் விடை பாதி வாக்கியத்தில் நின்றது. முகப்பில் என் கையால் 'கூடுதல் தாள்: 3' என்று எழுதியிருந்தது. அந்த மூன்று தாளையும் காணோம்.

"எங்கே மிச்சம்?" என்றாள் அம்மா.

"இருக்கிறதைத்தான் நகல் எடுத்தோம்."

"முகப்புல மூணுன்னு எழுதியிருக்கே, கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கீங்க, அழகுக்கா?"

"ஏம்மா, எழுதினா ஆச்சா? உங்க பொண்ணு பேப்பரைக் கொடுக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்பா."

அம்மா போட்ட சத்தத்தில் மற்ற ஜன்னல்களில் நின்றவர்களெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி, கறாராக இருந்தார். அசல் விடைத்தாளை உறையோடு வரவழைத்து மேஜையில் கவிழ்த்தார். தாளும் ஒரு வெள்ளை நூலும் விழுந்தன.

"பாருங்க. எங்க ஆளுங்க பிரிச்சிருந்தா நூலை வெட்டியிருப்பாங்க. எல்லாரும் முடிச்சை வெட்டித்தான் எடுப்பாங்க. இது முழுசா இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? உங்க பொண்ணு கோத்ததோட சரி, கட்டல. கட்டாத தாள் தொலைஞ்சா மாணவியோட பொறுப்பு. விதியில தெளிவா இருக்கு."

"கட்டினேன் மேடம்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

பதிலுக்கு அம்மா கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. நூலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து விரலால் நீவினாள். முடிச்சு இருந்த இடத்தில் நூல் நெளிந்திருந்தது. அந்த நெளிவு அவளுக்குத் தெரியாதா? ஊசியின் வாய் அடைத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தேர்வு மணி அடித்த அவசரத்தில் என் விரல்கள் வேறு எந்த முடிச்சைப் போட்டிருக்கும்?

அம்மா என் விடைத்தாளின் ஓட்டையில் நூலைக் கோத்தாள். நெளிவு இருந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டாள். தாளை அதிகாரி முன் நீட்டினாள்.

"உதறிப் பாருங்க."

அதிகாரி உதறினார். முடிச்சு விடவில்லை.

"இப்ப இந்த நுனியை இழுங்க."

இழுத்தார். நூல் முழுசாக அவர் கையில் வந்தது.

"இது அவ முடிச்சு இல்ல மேடம், என்னுது. தையக்கடைக்கு ஆகுற முடிச்சு. வேற எதுவும் சொல்லிக் கொடுக்காம அடிச்சு அடிச்சு இதையே பழக்கினேன். அவ கட்டியிருக்கா. உங்க ஆளுங்க யாரோ நுனியைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. இந்த விடைத்தாள் இருந்த கட்டுலதான் மிச்சத் தாளும் கிடக்கும், தேடுங்க."

"தேடப் பதினஞ்சு நாள் ஆகும்."

"விண்ணப்பம் ஆறு நாள்ல முடியுது. தாள் வர்ற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்றேன். எனக்கு உட்கார்ந்து பழக்கம், இருபது வருஷமா மெஷின்ல உட்கார்ந்திருக்கேன்." சொன்னபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

மாலை நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் சட்டையெல்லாம் தூசியோடு வந்தார். என் விடைத்தாள் இருந்த கட்டின் அடியில், பொதிந்த காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று தாளும் கிடந்தனவாம். அம்மா நன்றி சொல்லவில்லை. "உங்க காலர் தையல் விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்தொன்று எண்பத்தாறானது. விண்ணப்பம் முடிய ஒரு நாள் இருக்கும்போது திருத்திய மதிப்பெண் கைக்கு வந்தது. இடம் கிடைத்தது.

வீட்டில் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'இது என் முடிச்சு' என்று அதிகாரியிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு, 'தப்பு என்னுதுடி' என்று என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூலோட்டுவதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். குண்டூசி வாங்கிவந்து குத்திக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை, நாளுக்கு நாலு தடவை விரலில் குத்திக்கொண்டு தன்னையே திட்டிக்கொள்வாள்.

நான் விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், தைக்கக் கொடுத்த துணியை வாங்க எதிர்வீட்டுக்காரி வந்தாள். நான் திரைக்குப் பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எப்படியோ உன் பொண்ணு தேறிட்டாளே! ஃபோனை நோண்டி நாற்பத்தொண்ணு வாங்கினவளாச்சே."

மெஷின் நின்றது. "எவ சொன்னா அப்படி?"

"நல்லா இருக்கே கதை! நீதானே எங்க மூணு பேர் முன்னாடி சொன்னே? பொய்க்காரின்னு."

பெட்டியில் போடக் கையில் எடுத்த துணியோடு அப்படியே நின்றேன்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் அம்மா. "நான் சொன்னதுதான் பொய். அவ சொன்னது நிஜம். அன்னிக்குத் தெரு பூராப் போய்ச் சொன்னே இல்ல? இதையும் போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா, அப்புறம் உன் துணியைத் தர்றேன்."