புதுச்சேரிக்கு வீடு கேட்டுப் போன சனிக்கிழமை

புதுச்சேரியில் மூன்றாவது மாடியில் புது வீடு வைத்திருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரே, நீங்கள் என்னிடமும் என் மகளிடமும் பொய் சொன்னீர்கள். உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்காகப் போன வழியையும் நடந்ததையும் எழுதுகிறேன். ஜவ்வாது மலையிலிருந்து இனியும் யாராவது வீடு தேடிக் கடற்கரை ஊருக்குப் போவார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஜமுனாமரத்தூரில் போளூர் பஸ் ஏறினோம். நானும் என் மகள் சத்யாவும். அவள் நர்சிங் முடித்தவள். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். விடுதியில் இடமில்லை, இரவுப் பணி உண்டு, அதனால் பக்கத்திலேயே தங்க இடம் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு வேலை போய்விடும். கையில் இருந்தது இரண்டு நாள்.

போளூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பாதி தூரம் மலை இறக்கம், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலடியில் ஐந்து கிலோ சாமை வைத்திருந்தேன். கண்டக்டர் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது?"

"சாமை. வாடகைக்கு வூடு கேக்கப் போறோம். வெறுங்கையோட போவக் கூடாதில்ல."

"பத்து மாசம் அட்வான்ஸ் புடுங்குவானுங்க, அதுக்கு மேல நீ சாமை வேற குடுக்கிறியா? நல்ல ஆளுண்ணே நீ."

முன் சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு மணிக்குப் போளூர். அங்கிருந்து திருவண்ணாமலை முப்பத்தைந்து கிலோமீட்டர். பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டோம், சாம்பார் வெறும் தண்ணீர். எட்டரைக்குப் புதுச்சேரி பஸ், ஆளுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். செஞ்சி, திண்டிவனம் வழி. திண்டிவனம் தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. மலையில் வேர்த்தால் காயும். இங்கே வேர்வை சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. பதினொன்றரைக்கு இறங்கினோம். ஆட்டோ நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார்.

போனில் பேசி வைத்திருந்த வீட்டுத் தரகர் கட்டட வாசலில் நின்றிருந்தார். நாலு மாடிக் கட்டடம், கட்டி முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. லிஃப்டுக்குள் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. படியெல்லாம் பெயிண்ட் வாசனை. மூன்றாவது மாடியில் அந்த வீடு, ஒரு படுக்கையறை. குழாயைத் திறந்தால் முதலில் சிமெண்ட் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். சமையலறை ஜன்னலில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கோடு போலத் தெரிந்தது. சத்யா அங்கேயே நின்றுவிட்டாள். மருத்துவமனைக்கு எட்டு நிமிட நடை என்று போனில் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்காரர் எதிர் வீட்டில்தான் இருக்கிறார். நன்றாகவே பேசினார். பெண்ணைப் படிக்க வைத்ததற்கு என்னைப் பாராட்டினார். சாமையை வாங்கி உள்ளே அனுப்பினார், சர்க்கரை நோய்க்கு நல்லது என்றார். வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம். ஒத்துக்கொண்டேன். என் மனைவி மகளுடன் வந்து இருப்பாள் என்றேன். நாளைக்கே பால் காய்ச்சிக்கொள்ளலாம், நாள் நல்ல நாள்தான் என்று அவரே காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஆதார் நகல் மட்டும் கேட்டார்.

நான் ஃபைலை அப்படியே நீட்டினேன். அதில் ஆதார், வேலை உத்தரவு, சாதிச் சான்றிதழ் மூன்றின் நகலும் சேர்த்துப் பின் அடித்திருந்தது. மலையில் எங்களுக்கு அது பழக்கம். பள்ளியில் சேர்க்க, உதவித்தொகை வாங்க, கடன் கேட்க, எதற்குப் போனாலும் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அது இல்லை என்று எத்தனையோ முறை திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறோம். அதனால் கேட்காமலே வைத்துவிடுவோம். எங்கள் இனத்துக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் மலையில் விவசாயம் செய்யும் பழங்குடிகள். சான்றிதழில் அது தெளிவாகவே இருக்கிறது.

அவர் மூன்றாவது தாளைப் படித்தார். மறுபடி படித்தார். மடித்தார்.

"மலை மேலயே இருக்கறவங்களா நீங்க?"

"ஆமா சார்."

உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்தார். பத்து நிமிடம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து மச்சான் மகன் திடீரென்று வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம், இப்போதுதான் போன் வந்ததாம். அவர் போன் எங்கள் முன்னால் மேசை மேல்தான் இருந்தது. அது அடிக்கவே இல்லை. மோர் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

படியில் இறங்கும்போது தரகர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, ஆதார்தான கேட்டாரு. அந்த சர்டிபிகேட்ட ஏன் குடுத்தீங்க?"

"பொய்யா சொன்னேன்? இருக்கறத குடுத்தேன்."

"அதாண்ணே தப்பு."

எனக்கு வந்த கோபத்தில் திரும்பி மேலே ஏறப் பார்த்தேன். சத்யா கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை சேரணும்ப்பா என்றாள். கீழே வந்ததும் ஃபைலை வாங்கினாள். பின்னைப் பிரித்து அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் திணித்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு வேறு தெருவில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு கிடைத்தது. ஒரே அறை, மதியத்திலேயே விளக்குப் போட வேண்டும். வீட்டுக்கார அம்மா நீங்க இன்னா ஆளுங்க என்று நேராகவே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சத்யா முந்திக்கொண்டாள். திருவண்ணாமலை பக்கம் என்றாள். அந்த அம்மா தானாக எதையோ நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கொண்டுவந்து விட்டேன். திங்கட்கிழமை சத்யா வேலையில் சேர்ந்தாள். அன்று மாலையே மலைக்குத் திரும்பினேன். எங்கள் மலை சொர்க்கமில்லை. பஸ் குறைவு, வேலை இல்லை. இருந்திருந்தால் அவள் ஏன் போகிறாள்? ஆனால் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த வாத்தியார்கள் இரண்டு பேர் என் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறார்கள். என்ன ஆளுங்க என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. என் மகள் அங்கே பக்கத்து வீட்டோடு பேசும்போதெல்லாம் ஊர்ப் பேரை விழுங்கிப் பேசுகிறாள். போனில் அவள் அம்மா சொன்னாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை, வாடகைக்கு என்ற பலகை பால்கனியில் அப்படியே தொங்குகிறது என்று தரகரே சொன்னார். ஐயா, நீங்கள் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். உங்கள் கட்டடத்தில் எல்லோரும் மாதாமாதம் கீழே கூட்டம் போடுகிறீர்களாமே. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லுங்கள். என் மகளின் தாளில் எந்த வரியைப் படித்த பிறகு உங்கள் மச்சான் மகன் புறப்பட்டு வந்தான்?