படகில்லாத நாட்களுக்கான பாடங்கள்

நெடுந்தீவில் காற்றுக்குத் தப்ப ஒரே இடம் அலுமாரிதான் என்று கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான மாஸ்ரர். கதவைப் பூட்டி யன்னலைச் சாத்தினாலும் கைப்பேசியில் அவருடைய குரலைவிடக் காற்றின் இரைச்சல்தான் கூடுதலாகப் பதியும். அதனால் மனைவியின் அலுமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, மின்னோட்டமும் அமுக்கமும் படிப்பித்தார். "என்னோடை ஒரு நாளும் இவ்வளவு நேரம் கதைச்சதில்லை. சீலையளோடை கதைக்கிறார், பாருங்கோ ரீச்சர்" என்று அவர் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தபடி சிரிப்பார். நானும் சிரிப்பேன். மாஸ்ரருக்கு அப்போதே தொண்டை கட்டியிருந்தது. தடிமன், வெறும் சளி என்று நினைத்தோம்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கல்வித் தொழினுட்ப டிப்ளோமாவுக்குச் சேர்ந்தோம். நான் தமிழ் ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து லோஞ்ச் படகு ஏறித் தீவுக்குப் போகிறவள். அவர் தீவிலேயே பிறந்து, தீவிலேயே வீடு கட்டியவர். சனிக்கிழமைகளில் பட்டணத்தில் வகுப்பு. பாடம் என்பது ஆசிரியர் சொல்லி முடிப்பது அல்ல, பிள்ளை கடைசியில் எதைச் செய்ய வல்லதாகிறது என்பதுதான் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அது புதுக் கண் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வயதில் படிப்பு இவ்வளவு சந்தோசம் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்தின் பிரச்சினை ஒன்றுக்குப் பாடம் வடிவமையுங்கள் என்று ஒப்படை தந்தபோது நாங்கள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வாடைக்காற்றில் கடல் குழம்பினால் லோஞ்ச் ஓடாது. அக்கரை ஆசிரியர்கள் குறிகட்டுவானோடு திரும்பிவிடுவோம். பிள்ளைகள் வெறும் வகுப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களுக்காகச் சின்னச் சின்ன ஒலிப்பாடங்கள் செய்வதென்று முடிவெடுத்தோம்.

பிறகுதான் தடிமன் இல்லை என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்புக்காகப் பட்டணம் வரும்போது, லோஞ்சில் என் பக்கத்தில் இருந்து, கடலைப் பார்த்தபடி சொன்னார். "புற்றுநோயாம் ரீச்சர். குரல்வளையை எடுக்கவேணுமாம். அதுக்குள்ளை பதினோராம் ஆண்டு முழுக்கப் பதிஞ்சுபோட வேணும்." வைத்தியத்தைப் பாருங்கோ மாஸ்ரர் என்று சொல்லிப் பார்த்தேன். "தீவிலை விஞ்ஞானத்துக்கு நான் ஒராள்தானே. புதுசா ஆள் வருமட்டும் பிள்ளையள் சமாளிக்க ஏதும் இருக்க வேணும்" என்றார். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு நேரே அலுமாரிக்குத்தான் போனார். கடைசி அலகுகளைக் கேட்டால் அரத்தில் தேய்த்த குரல். ஆனால் ஒரு பாடமும் மிச்சம் வைக்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். கழுத்தில் குழாய். என்னைக் கண்டதும் உதட்டை அசைத்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் மனைவிதான் சொன்னார், "புது ஆள் வந்திட்டாரோ எண்டு கேக்கிறார்." கேட்டிருக்கிறம் மாஸ்ரர், கட்டாயம் அனுப்புவினம் என்றேன். அடுத்த வாடைக்கு அவர் இல்லை.

பள்ளிக்கூட அதிபரும் நானும் விஞ்ஞானத்துக்கு ஆள் கேட்டுக் கல்விப் பணிமனைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பாடங்களில் இரண்டைக் கேட்டார். தலையாட்டி ரசித்தார். "அருமையாச் செய்திருக்கிறியள். உண்மையாச் சொல்லுறன், தீவுக்கு அனுப்ப என்னட்டை ஆளில்லை. ஒண்டுமில்லாத பள்ளிக்கூடங்கள் எத்தினை இருக்கு. உங்களிட்டைப் பாடங்கள் இருக்குத்தானே" என்றார். எழும்பி வந்தேன். இன்றுவரை அந்த மனுசனை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெற்றார் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "எங்கடை பிள்ளையளுக்குச் செத்தவர் போதுமோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் உள்ளவர்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். ஒருவரும் இல்லாதவர்களின் பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள்.

நான் டிப்ளோமாவில் திறமைச் சித்தி பெற்றேன், ஆசிரிய ஆலோசகராகப் பட்டணத்துக்கு வந்தேன். பயிற்சிப் பட்டறைகளில் முன்மாதிரி என்று காட்டுவது மாஸ்ரரின் பாடங்களைத்தான். ஆசிரியர்கள் கைதட்டுகிறார்கள். வேறு தீவுப் பள்ளிக்கூடங்களும் இதே மாதிரிச் செய்து தரச்சொல்லிக் கேட்கின்றன. அப்படிக் கேட்கிற அதிபர்களிடம், முதலில் ஆளைக் கேளுங்கோ என்று சொல்லிச் சண்டை பிடிக்கிறேன். என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இந்த வருடம் மேற்பார்வைக்கு நெடுந்தீவுக்குப் போனேன். கடல் அமைதி, லோஞ்ச் ஓடிய நாள். பதினோராம் ஆண்டு வகுப்பில் ஆசிரியர் மேசைமேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி. பிள்ளைகள் நிமிர்ந்திருந்து கேட்டார்கள். அமுக்கம் பற்றிய பாடம். எங்கடை தீவுக் குதிரையளின்ரை குளம்பு ஈரத்தரையிலை ஏன் ஆழமாப் பதியுது என்று மாஸ்ரர் அழகாகத்தான் தொடங்கினார். கணக்குக்கு வந்ததும் பிள்ளைகளின் முகம் மாறியது. "விளங்குதோ பிள்ளையள்?" என்று கேட்டு நிறுத்தினார். கேள்வி கேட்டால் பிள்ளை யோசிக்க இடைவெளி விடவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அவர் பிசகாமல் விட்டிருந்தார். அந்த இடைவெளியில் முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, ஆசிரியருக்குப் பதில் சொல்ல எழும்புகிற மாதிரியே எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, "இல்லை சேர், ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிவிட்டிருந்தது. அந்தக் கணக்கு எனக்கும் தெரியாது.

"கெட்டிக்காரர். அப்ப அடுத்ததுக்குப் போவம்" என்றார் மாஸ்ரர்.

பிள்ளை திரும்ப வாங்கில் இருந்துவிட்டாள்.