எங்கள் வீட்டில் முன்பே இறந்துபோன அண்ணன்

என் அண்ணன் செல்லையா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டாவது செய்தி போன வாரம் வந்தது. நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவர் அந்தோணிமுத்து பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சரே, செல்லையா போயிட்டான்" என்றார்.

தலைமையாசிரியை அம்மாவிடம் போய் விடுப்புக் கேட்டேன். அவர் குழம்பிப்போனார். "உங்க அண்ணன் முன்னமே இறந்துட்டாருல்லா?" என்று கேட்டார். பதில் சொல்ல நின்றால் பஸ் போய்விடும். அன்று சொல்லாத அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அண்ணனைத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முழுதாகத் தெரியாது.

எங்கள் ஊர் அஞ்சுகிராமத்தை அடுத்தது. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். அது நொடித்துப்போனதும் அப்பா வீட்டுக்குள் முடங்கிவிட்டார். யார் வந்து கூப்பிட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நாகர்கோவில் போகும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தார். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் கட்டியிருந்த உலையில் கரியைக் கொட்டிக் கனல் மூட்டுவதும் கண்டக்டர் வேலைதான். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெளுப்பாகத் தெரியும். வந்ததும் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவர் குளித்து வரும்வரை அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

எங்கள் வீட்டு அடுப்பு அவர் உழைப்பில் எரிந்தது. என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவரும் அவர்தான். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று அப்பா தடுத்தபோது அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "பஸ்ஸு ஓடுத வர அவ படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் அது நடந்தது. கொதிக்கும் உலை மூடியில் வெறுங்கையை ஊன்றியபடி அண்ணன் யாருடனோ பேசிக்கொண்டு நின்றிருக்கிறார். தோல் கருகும் வாடை அந்த பஸ்ஸின் டிரைவர் அந்தோணிமுத்துவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். அண்ணன் திரும்பி, "எதுக்குடே அடிக்க?" என்று கேட்டாராம். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. அண்ணனுக்கு வலிக்கவே இல்லை.

பிறகு புறங்கையில் வெளிறிய திட்டுகள் வந்தன. காது மடல் தடித்தது. புருவம் உதிர்ந்தது. டிக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். வேலை போயிற்று. வைத்தியர் பெருவியாதி என்று சொன்ன அன்று, வீட்டுக்குப் பின்னால் தேங்காய் உரித்த கதம்பை போட்டு வைக்கும் ஓலைச் சாய்ப்பில் அவருக்குப் பாய் விரித்தார்கள். அண்ணன் அங்கே இருந்த கதம்பைகளைத் தானே ஒதுக்கி இடம் செய்துகொண்டார்.

என் தாய்தகப்பனைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. முதலில் அம்மாதான் சோறு கொண்டுபோனார். கொஞ்ச நாள் போனதும் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. படுத்தே கிடந்த அப்பா எழுந்து உப்பளத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். தேய்த்த சட்டை போட்டார். அவர் குரலுக்குப் பழைய கனம் திரும்பியது. அண்ணன் சாய்ப்பின் ஓலை இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டு, "அப்பா தேறிட்டாரு, கண்டியா?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார்.

ஒருநாள் அம்மா அடுக்களையிலிருந்து, "அதுக்குக் கஞ்சி குடுத்தியா?" என்று கேட்டார். 'அவனுக்கு' என்ற சொல் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் காதில் விழுந்திருக்கும். அவர் கஞ்சியைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் கால் கழுவப் பின்பக்கம் போனவர், சாய்ப்புக் கதவுக்குக் கீழே தெரிந்த அண்ணனின் புண்பட்ட கால்களைப் பார்த்துவிட்டார். அவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். அன்று அப்பா ஒரு தென்னை மடலை எடுத்து அந்தக் கதவை அடி அடியென்று அடித்தார்.

சுசீந்திரம் தேரோட்டத்துக்கு என்னையும் அம்மாவையும் அப்பா அனுப்பி வைத்தார். ஊரே அங்கேதான் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது சாய்ப்பு காலியாக இருந்தது. உள்ளே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தர்ம ஆசுபத்திரியில் சேர்த்திருப்பதாக அப்பா சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. சில வாரம் கழித்து அண்ணன் இறந்துவிட்டதாகவும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் வந்து சொன்னார். பதினாறாம் நாள் அடியந்திரம் நடந்தது. சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். உண்மை தெரிந்தே அழுதார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த அழுகை பொய் இல்லை.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையும் கிடைத்தது. பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சமயத்தில் அந்தோணிமுத்துவை மேற்கே அருமனைப் பக்கம் ஓடும் பஸ்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தொழுநோய் இல்லத்தின் பக்கம் ஒருநாள் வண்டி நின்றபோது, சாலையோரத்தில் ஒருவர் பேசும் சத்தம் கேட்டிருக்கிறது. ஆளை அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்துவிட்டது. அவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "டீச்சரே, செல்லையா சாவல்ல."

நான் போனேன். மூக்குத் தண்டு அமுங்கி, விரல்கள் தேய்ந்து, வேறொரு ஆளாக அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அதை விலக்கினேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நீ செத்துட்டன்னு சொல்லட்டுமான்னு அப்பா வந்து கேட்டாரு. நான்தான் சரின்னேன். நான் இருந்தா ஒனக்குக் கல்யாணம் நடக்காதுட்டி" என்றார். பிறகு, "செத்துட்டா ஒரு சொகம் உண்டு மக்கா. யாரும் நம்மளப் பாத்து முகத்தத் திருப்ப மாட்டாவ" என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

புதிதாக வந்த மாத்திரையில் அவருக்கு நோய் நின்றுவிட்டது. இனி யாருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். விரலும் முகமும் மட்டும் திரும்பி வராது. என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். போய்ப் பார்த்து வர ஒருநாளும் தடை சொன்னதில்லை. வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டபோது மட்டும், தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

அண்ணன் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனார். அந்தோணிமுத்துதான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். அப்பா உப்பளத்துக்குப் போயிருந்த நேரம். அண்ணன் தலையில் துண்டைப் போர்த்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் கஞ்சி எடுத்து வந்து, அவர் கையிலிருந்த தகரக் குவளையில் ஊற்றினாராம். உடனே கதவைச் சாத்திக்கொண்டாராம்.

"அம்மைக்கு ஆளு தெரிஞ்சிட்டு" என்றார் அண்ணன் என்னிடம்.

"எப்படித் தெரியும்?"

"சுட்ட சாளைக் கருவாடு ஒண்ணு வச்சா. பிச்சக்காரனுக்கு யாருட்டி கருவாடு சுட்டு வைப்பா?"

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதைப் பற்றி அவர் பேசியதில்லை. இல்லத்திலேயே கண் தெரியாதவர்களுக்குச் சோறு ஊட்டிவிட்டுக்கொண்டு இருந்தார். விரல் இல்லாத கையில் கரண்டியைத் துணியால் கட்டிக்கொள்வார். அப்படியே நாள் போயிற்று. இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்த அன்று இல்லத்துக்குப் போகும் வழியில் வீட்டில் இறங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "அவனுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ செய்யமாட்டாவ" என்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னோடு வரவில்லை. நான் படி இறங்கியபோது, "முகத்த நல்லாப் பாத்துட்டு வா மக்கா" என்று மட்டும் சொன்னார்.

நன்றாகத்தான் பார்த்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண்ணில் குழி வெட்டியிருந்தது. மழை தூறியது. பெண்பிள்ளை அங்கே நிற்கக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. முதல் பிடி மண்ணை நான் போட்டேன். அடுத்து அந்தோணிமுத்து போட்டார். மீதியை அண்ணனோடு இருந்தவர்கள் மூடினார்கள். மண்வெட்டியைப் பிடிக்க அவர்களில் பலருக்கு விரல் இல்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, முழங்கையாலும் மணிக்கட்டாலும் அந்த ஈர மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார்கள். யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் கண் தெரியாத ஒரு பெரியவர் வந்து, மேடு சமமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துத் தட்டிக்கொடுத்தார்.

போய் வாருங்கள், அண்ணா. உங்கள் தங்கச்சி முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை நின்றுகொண்டிருந்தாள்.